போர் முடிந்தது, சட்டம் முடியவில்லை



தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்த எவரிடமேனும் ‘மிசா’ என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். சற்றே நிமிர்ந்து உட்கார்வார். அந்நாளில் சிறை சென்றவர்கள் பலர் தம் பெயருக்கு முன்னால் அச்சொல்லைப் பட்டம்போல் சேர்த்துக் கொண்டார்கள். பீகாரில் ஓர் அரசியல் தலைவர் அப்போது பிறந்த தம் மகளுக்கே மிசா என்று பெயர் வைத்தார். ஒரு சட்டத்தின் பெயர் மனிதரின் பெயராக மாறிய விந்தை இது. உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் என்ற நீண்ட பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே அந்தச் சொல்.

அச்சட்டம் 1975-ஆம் ஆண்டின் நெருக்கடி நிலைக்காக இயற்றப்பட்டது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. மிசா 1971-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்து, எல்லையில் போர் மேகம் சூழ்ந்திருந்த நேரம் அது. நாட்டின் பாதுகாப்புக்கென்று கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் தொடங்கிய போர் 14 நாட்களுக்குள் முடிந்தது. சட்டமோ ஏழாண்டுகள் இருந்தது. அதனால் சிறைப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தப் போரோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்கள்.

இந்தக் கதையை அதன் வேரிலிருந்து பார்க்க வேண்டும். வேர் 1915-இல் இருக்கிறது.

முதல் உலகப் போர் மூண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய கதர் கட்சியினர் பஞ்சாபில் படைவீரர்களைக் கிளர்ந்தெழச் செய்ய முயன்றனர். வங்காளத்தில் புரட்சிக் குழுக்கள் இயங்கின. ஆட்சியாளர்களுக்கு அச்சம் ஏற்பட்டதில் வியப்பில்லை. அந்த அச்சம் பொய்யானதுமல்ல. 1915 மார்ச்சில் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. போர் முடியும் வரையிலும், அதற்குப் பின் ஆறு மாதங்களும் மட்டுமே அது உயிரோடிருக்கும் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். குற்றம் சாட்டாமல், வழக்கு நடத்தாமல் ஒருவரை ஓரிடத்தில் முடக்கி வைக்க அது வழி செய்தது.

யாரை முடக்கினார்கள்? வெடிகுண்டு வைத்திருந்தவர்களை மட்டுமல்ல. பத்திரிகை நடத்திய மௌலானா முஹம்மது அலீயும் அவருடைய அண்ணன் மௌலானா ஷவ்கத் அலீயும் 1915 மே மாதம் முதல் 1919 இறுதி வரை வீட்டுக் காவலிலும் சிறையிலும் கழித்தார்கள். மெஹ்ரவ்லி, லான்ஸ்டவுன், சிந்த்வாரா, பேத்தூல் என்று இடங்கள்தாம் மாறின. மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1916-இல் வங்காளத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். வேறு பல மாகாணங்கள் ஏற்கெனவே அவருக்குக் கதவடைத்திருந்தன. எஞ்சியது பீகார். ராஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயே காவலில் வைக்கப்பட்டார். 28 வயதுகூட நிறையாத அந்த இளைஞர் ராஞ்சியின் பள்ளிவாசலில் ஜும்ஆ உரை நிகழ்த்தினார். ஒரு மதரஸா எழக் காரணமாக இருந்தார். திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பு வேலையில் ஆழ்ந்தார். காவல்துறையினர் சோதனையிட வந்து அவருடைய கையெழுத்துப் படிகளை அள்ளிச் சென்றதும் உண்டு. போர்க்காலச் சட்டம் ஒன்று ஓர் ஆலிமின் மேசையிலிருந்த காகிதங்கள் வரை எட்டியது.

நம் தமிழ் மண்ணிலும் அதன் நிழல் விழுந்தது. தன்னாட்சி கேட்டு எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் அன்னி பெசன்ட் அம்மையாரை 1917 ஜூனில் சென்னை மாகாண அரசு உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. எழுபதை நெருங்கிய மூதாட்டி அவர். ஜெர்மானியப் படைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று நாடே கேட்டது. மூன்று மாதங்களில் விடுவித்தார்கள்.

1918 நவம்பர் 11-ஆம் நாள் போர் முடிவுற்றது. சட்டத்தில் எழுதியிருந்தபடி நடந்திருந்தால் அதன் ஆயுள் ஆறு மாதங்களில் தீர்ந்திருக்கும். ஆனால் போர் நடந்து கொண்டிருந்தபோதே, 1917 டிசம்பரில், ஒரு குழுவை அமைத்திருந்தார்கள். போருக்குப் பின் என்ன செய்வது என்று ஆராய்வதே அதன் வேலை. தலைவர் சிட்னி ரவ்லட் என்னும் ஆங்கிலேய நீதிபதி. குழுவில் இந்தியர் இருவரும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரி. போர்க்காலத்து அதிகாரங்களில் சிலவற்றை அமைதிக் காலத்திலும் வைத்துக் கொள்ளலாம் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1919 மார்ச்சில் ரவ்லட் சட்டம் நிறைவேறியது. சட்டமன்றத்திலிருந்த இந்திய உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தும் அது நிறைவேறியது. மதன் மோகன் மாளவியா, மஸ்ஹருல் ஹக், முஹம்மது அலீ ஜின்னா ஆகியோர் பதவி விலகினர்.

அப்போது சென்னைக்கு வந்திருந்த காந்தியடிகளின் உள்ளத்தில்தான், ஒரு விடியற்காலையில், நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் உதித்தது. அதன் பின் நடந்தவை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏப்ரல் 10-ஆம் நாள் அமிர்தசரஸில் டாக்டர் சைஃபுத்தீன் கிச்லூவும் டாக்டர் சத்யபாலும் கைது செய்யப்பட்டு ஊர் கடத்தப்பட்டார்கள். ஏப்ரல் 13-ஆம் நாள் ஜாலியன்வாலா பாக். அரசின் கணக்கிலேயே 379 உயிர்கள்.

இதில் பலர் கவனியாத ஒன்று உண்டு. அத்தனை இரத்தம் சிந்தக் காரணமான ரவ்லட் சட்டம் நடைமுறையில் பயன்படுத்தப்படவே இல்லை எனலாம். 1922-இல் அதை நீக்கியும் விட்டார்கள். ஆனால் அதன் கருத்து நீங்கவில்லை. குற்றம் செய்தவனைத் தண்டிப்பது ஒன்று; குற்றம் செய்யக்கூடும் என்று அரசு கருதுபவனை அடைத்து வைப்பது வேறொன்று. இந்த இரண்டாவதற்குத் ‘தடுப்புக் காவல்’ என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் அது மறுபடியும் வந்தது. 1942-இல் சிறை நிறைந்தது.

அந்தச் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்கள்தாம் சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தை எழுத அமர்ந்தார்கள். காவலில் கிடந்தவர்கள் காவலை ஒழிப்பார்கள் என்று எதிர்பார்ப்பதுதானே இயல்பு? ஆனால் அவர்களைச் சுற்றியும் நெருக்கடி இருந்தது. பிரிவினையின் படுகொலைகள், கோடிக்கணக்கில் இடம்பெயர்ந்த மக்கள், காந்தியடிகளின் கொலை, தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம், காஷ்மீரில் போர். அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பின்பற்றி, நியாயமான சட்ட நெறிமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்ற வாசகத்தை வைப்பதா, அல்லது சட்டம் வகுத்த நடைமுறைப்படி பறிக்கலாம் என்று வைப்பதா என்ற விவாதம் எழுந்தது. சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்று அந்நாட்டு உச்சநீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தபோது, முதல் வாசகம் வேண்டாம், அது நீதிபதிகளுக்கு மிகையான அதிகாரத்தைத் தந்துவிடும் என்று அவர் அறிவுரை சொன்னார். இரண்டாம் வாசகமே வரைவில் இடம்பெற்றது.

1948 டிசம்பரில் இதைச் சபையில் எதிர்த்துப் பேசியவர்களில் முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் முன்னணியில் நின்றார்கள் என்பதை இன்று எத்தனை பேர் அறிவோம்? மத்திய மாகாணத்தைச் சேர்ந்த காஜி சையித் கரீமுத்தீன், நியாயமான நெறிமுறை என்ற சொற்களையே திரும்பவும் வைக்க வேண்டுமெனத் திருத்தம் கொண்டு வந்தார். காரணமின்றி வீடுகளைச் சோதனையிடவும் பொருள்களைக் கைப்பற்றவும் தடை வேண்டும் என்று இன்னொரு திருத்தமும் கொடுத்தார். அது ஏற்கத்தக்கதே என்று டாக்டர் அம்பேத்கர் சொன்னார். ஆயினும் வாக்கெடுப்பு தள்ளிப் போடப்பட்டு, பின்னர் தோற்கடிக்கப்பட்டது. சென்னை மாகாணத்து உறுப்பினர் மஹ்பூப் அலீ பேக், ஜப்பானின் அரசியல் சட்டத்திலிருந்து வாசகத்தை எடுத்துக் கொண்டீர்கள், அங்கே அதைச் சூழ்ந்துள்ள பாதுகாப்புகளை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். கூர்மையான கேள்வி. சபை நகர்ந்து விட்டது.

இவர்கள் தம் சமுதாயத்துக்கென்று தனிச் சலுகை கேட்கவில்லை. எவர் வீட்டுக் கதவை எவர் தட்டினாலும் பொருந்துகிற ஒன்றைக் கேட்டார்கள்.

1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சரியாக ஒரு மாதம். பிப்ரவரி 25-ஆம் நாள் தடுப்புக் காவல் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதைக் கொண்டு வந்த உள்துறை அமைச்சர் சர்தார் பட்டேல், இம்முடிவுக்கு வருமுன் பல இரவுகள் உறக்கமிழந்ததாகக் கூறினார். அவர் சொன்னதை ஐயுற வேண்டியதில்லை. ஓராண்டுக்கு மட்டும் என்று சொல்லித்தான் சட்டம் வந்தது. அந்த ஓராண்டுச் சட்டம், மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 1969 டிசம்பர் 31 வரை உயிர் வாழ்ந்தது. பட்டேல் அந்த ஆண்டே காலமானார். உறக்கமிழந்தவர் போய்விட்டார், அவர் தந்த அதிகாரம் உறக்கமிழக்காதவர்களின் கைகளுக்கு வந்து சேர்ந்தது.

அச்சட்டத்தின்கீழ் சென்னை மாகாணத்தில் காவலில் இருந்தவர் ஏ.கே. கோபாலன் என்னும் கம்யூனிஸ்ட் தலைவர். 1947 டிசம்பர் முதலே ஏதேனும் ஒரு சட்டத்தின்கீழ் அவர் உள்ளேதான் இருந்தார். ஓர் ஆணை செல்லாது என்றால் அடுத்த ஆணை தயாராக இருந்தது. அவர் உச்சநீதிமன்றத்துக்கு எழுதினார். புதிய நாட்டின் புதிய நீதிமன்றத்துக்கு வந்த முதற்பெரும் உரிமை வழக்கு அது. 1950 மே 19-ஆம் நாள் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்துக்குக் கூடச் சொல்லக்கூடாது என்றிருந்த 14-ஆம் பிரிவை மட்டும் எல்லோரும் ஒருமுகமாகத் தள்ளினார்கள். மற்றபடி, நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை வகுத்துவிட்டால் அது நியாயமானதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்பது பெரும்பான்மையினரின் முடிவு.

அடிப்படையிலேயே மாறுபட்டுத் தனித்து எழுதியவர் நீதிபதி சையித் ஃபஜ்ல் அலீ. பீகாரைச் சேர்ந்தவர்; பாட்னா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். சட்டம் என்று சொன்னால் அதனுள் இயற்கை நீதியும் அடங்கியே தீரும் என்றார் அவர். ஒருவனுக்கு முன்னறிவிப்பு வேண்டும். தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு வேண்டும். நடுநிலையான விசாரணையாளர் வேண்டும். ஒழுங்கான நடைமுறை வேண்டும். உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டி வைக்க முடியாது, ஒன்றோடொன்று பின்னியவை அவை என்றும் எழுதினார். அவர் எழுதியது கடவுள் மறுப்பாளரான ஒரு கம்யூனிஸ்டுக்காக. அந்த மனிதரின் கொள்கையோடு அவருக்கு எந்த உடன்பாடும் இருந்திருக்கத் தேவையில்லை.

‘பசல் அலி கமிஷன்’ என்று நம் பாடநூல்களில் படிக்கிறோமே, மொழிவாரி மாநிலங்களைப் பிரிக்க ஆராய்ந்த குழு, அதன் தலைவர் இவரே. அந்தப் பணியால் அவரை அறிந்தவர்கள் பலர். இந்தத் தீர்ப்பால் அறிந்தவர்கள் சிலர். அவர் 1959-இல் மறைந்தார். தம் கருத்து நாட்டின் சட்டமாவதை அவர் காணவில்லை.

நெருக்கடிகள் தொடர்ந்து வந்தன. சீனப் போரை முன்னிட்டு 1962 அக்டோபர் 26-ஆம் நாள் நாட்டில் முதன்முறையாக நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் சீனா போரை நிறுத்திக் கொண்டது. நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல்! அடுத்தது 1971 டிசம்பர் 3. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த பின்னும் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற எவருக்கும் தோன்றவில்லை. ஆக, 1975 ஜூனில் இந்திரா காந்தி அம்மையார் நெருக்கடி நிலையை அறிவித்தபோது, ஏற்கெனவே ஒரு நெருக்கடி நிலை நாட்டில் இருந்து கொண்டுதான் இருந்தது. ஒன்றின் மேல் இன்னொன்று. ஒரு வீட்டில் பழைய பூட்டைத் திறக்காமலே புதுப் பூட்டு மாட்டியது போல.

இந்த முறை நெருக்கடி யாருக்கு? ஜூன் 12-ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம் பிரதமரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கம் தலைநகரை உலுக்கிக் கொண்டிருந்தது. விலைவாசி, வேலைநிறுத்தம், அமைச்சர் ஒருவரின் கொலை ஆகியவையும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆட்சியாளரின் பதவிக்கு வந்த ஆபத்து நாட்டுக்கு வந்த ஆபத்தாக எழுதப்பட்டது. ஜூன் 25-ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்பு குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் செய்தி தெரிந்தது. டில்லியில் செய்தித்தாள் அலுவலகங்கள் நிறைந்த பஹதூர் ஷா ஜஃபர் மார்க்கில் அன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

கையொப்பமிட்ட அந்தக் குடியரசுத் தலைவர் ஃபக்ருத்தீன் அலீ அஹ்மது. நம் சமுதாயத்தவர் நாட்டின் முதல் குடிமகனாக வீற்றிருப்பதைப் பெருமையோடு சொல்லிக் கொண்டிருந்த காலம் அது. அமைச்சரவை கூடியதா என்று ஒரு வார்த்தை கேட்டு அவர் தாளை விடியும் வரை மேசையில் வைத்திருக்கலாம். கேட்கவில்லை. இதை நாம் வேறு எவரிடமும் இட்டுக்கட்டிக் கழித்துவிட முடியாது. ஆட்சி அமானிதம் என்று மிம்பர்களில் சொல்கிறோம். அந்த அமானிதத்தின் சோதனை சில வேளைகளில் ஒரு தாளும் ஒரு பேனாவுமாகவே வருகிறது.

பின்னர் அமைக்கப்பட்ட ஷா ஆணையத்தின் கணக்குப்படி மிசாவில் அடைக்கப்பட்டவர்கள் 34,988 பேர். பாதுகாப்பு விதிகளின்கீழ் கைதானவர்கள் 75,818 பேர். ஜூலை 4-ஆம் நாள் தடை செய்யப்பட்ட இயக்கங்களின் பட்டியலில் ஆர்.எஸ்.எஸ்.ஸும் ஜமாஅத்தே இஸ்லாமியும் சேர்ந்தே இருந்தன. ஒருவரையொருவர் ஏறிட்டுப் பாராதவர்கள் ஒரே சிறை வளாகத்தில் வாழ நேர்ந்தது.

அதிகாரம் ஒரு வாசலில் நுழைந்தால் அந்த அறையோடு நிற்பதில்லை. எதிர்க்கட்சியினரை அடக்க வந்தது, குடும்பங்களின் படுக்கையறை வரை சென்றது. 1975-76-இல் சுமார் 26 இலட்சமாக இருந்த கருத்தடை அறுவைகள் அடுத்த ஆண்டில் 81 இலட்சத்தைத் தாண்டின. ஆசிரியர்களின் சம்பளமும் ஊழியர்களின் பதவி உயர்வும் இத்தனை பேரை அழைத்து வந்தால்தான் என்றாயின. அப்போதைய ஹரியானாவின் குர்கான் மாவட்டத்தில் உத்தாவர் என்னும் மேவாத்தி முஸ்லிம்களின் கிராமத்தை 1976 நவம்பரில் விடியுமுன் காவலர்கள் சூழ்ந்தார்கள். ஆண்கள் அனைவரும் வெளியே வரும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிடித்துச் சென்றவர்களில் பலருக்கு அறுவை செய்து அனுப்பினார்கள். அதற்கு முன் ஏப்ரலில், பழைய டில்லியின் துர்க்மான் கேட் பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை இடிக்க இயந்திரங்கள் வந்தன. எதிர்த்த மக்கள் மீது ஏப்ரல் 19-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. தணிக்கை இருந்ததால் மறுநாள் பத்திரிகைகளில் உண்மை வரவில்லை. தம் தெருவில் நடந்ததைத் தம் நகரத்தாருக்கே சொல்ல வழியில்லாமற் போயிற்று.

சென்னையில் 1976 ஜனவரி 31-ஆம் நாள் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மத்தியச் சிறையில் மிசா கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார். நெருக்கடி நிலை நீங்கிய பிறகு அந்தச் சிறையில் நடந்ததை விசாரிக்க நியமிக்கப்பட்டவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி மு.மு. இஸ்மாயில். கம்பராமாயணத்தில் தோய்ந்தவர் என்று தமிழுலகம் கொண்டாடும் அதே இஸ்மாயில் அவர்கள்தாம். கைதிகள் அடிக்கப்பட்டது உண்மையென்று அவருடைய அறிக்கை பதிவு செய்தது. சிறைச் சுவர்களுக்குள் நடந்ததை வெளியிலுள்ளவர் நம்ப மறுக்கும் காலத்தில், அப்படி ஒரு பதிவு இருப்பது சிறிய காரியமல்ல.

இத்தனைக்கும் நடுவில் நீதிமன்றங்கள் இருந்தன. காவலில் உள்ளவர்களின் குடும்பத்தார் ஆள்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். என் கணவர் எங்கே, எந்தச் சட்டப்படி பிடித்தீர்கள் என்று கேட்பதற்கு மேல் அந்த மனுக்களில் ஒன்றுமில்லை. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உரிய 21-ஆம் பிரிவை நீதிமன்றத்தில் கோர முடியாதபடி குடியரசுத் தலைவரின் ஆணை தடுத்திருக்கிறது என்றது அரசு. ஒன்பது உயர்நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. மனுவைக் கேட்போம் என்றன. அரசு உச்சநீதிமன்றத்துக்குப் போனது.

ஐந்து நீதிபதிகள் அமர்ந்தனர். அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே வாதாடுகையில், நீதிபதி ஹெச்.ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்டார்: காவலர் ஒருவர் தம் சொந்தப் பகையால் ஒருவனைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா? நெருக்கடி நிலை உள்ளவரை இல்லை என்றே பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28-ஆம் நாள் தீர்ப்பு. துர்க்மான் கேட்டில் குண்டு பாய்ந்து ஒன்பதே நாள்; அதே நகரம். நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் சாய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மிர்ஸா ஹமீதுல்லாஹ் பேக். காவலில் உள்ளோர் நன்றாகவே கவனிக்கப்படுகிறார்கள், அரசு அவர்கள்மீது ஏறக்குறையத் தாயின் பரிவைக் காட்டுகிறது என்ற பொருளில் அவர் எழுதினார். அவர் அதை எழுதியபோது சென்னைச் சிறையில் அடி விழுந்து மூன்று மாதங்கள் ஆகியிருக்கவில்லை.

கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். தீர்ப்பெழுதி முடித்த நாட்களில், இது தமக்குத் தலைமை நீதிபதிப் பதவியை இழக்கச் செய்யும் என்று தம் சகோதரியிடம் அவர் சொல்லியிருந்தார். அப்படியே ஆயிற்று. 1977 ஜனவரியில் மூத்தவரான அவரைத் தாண்டி இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். அந்த இளையவர் மிர்ஸா ஹமீதுல்லாஹ் பேக். கன்னா பதவி விலகினார்.

அலிகர், தேவ்பந்த் என்று குலம் பார்த்தும் பெயர் பார்த்தும் மனிதர்களை ‘நம்மவர்’ என எண்ணும் பழக்கம் நமக்கு உண்டு. ஃபஜ்ல் அலீயும் நம்மவர், பேகும் நம்மவர். துர்க்மான் கேட்டின் விதவைக்கு அன்று பயன்பட்டிருக்கக்கூடிய ஒரே தீர்ப்பை எழுதியவர் பஞ்சாபைச் சேர்ந்த ஓர் இந்து. நான் இதை எழுதும்போது மனம் கூசத்தான் செய்கிறது. கூசட்டும்.

1977 மார்ச்சில் மக்கள் வாக்களித்தார்கள். நெருக்கடி நிலை நீங்கியது. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. 28 ஆண்டுகளுக்கு முன் ஃபஜ்ல் அலீ தனித்து எழுதியது அன்றுதான் சட்டமாயிற்று. கன்னாவின் கருத்துக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு. 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, 1976-ஆம் ஆண்டின் தீர்ப்பு தவறானது என்று நீக்கியது. அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-இல் அரசின் பக்கம் சாய்ந்த நால்வரில் ஒருவர் அவருடைய தந்தை.

புதிய ஆட்சியில் மிசா ஒழிக்கப்பட்டது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1980-இல், தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்திரா காந்தியின் கொலைக்குப் பின் 1985-இல் தடா வந்தது. இரண்டாண்டுகளுக்கென்று வந்த அது பத்தாண்டுகள் இருந்தது. கைதானவர்கள் 76,000-க்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எவரும் விளக்கத் தேவையில்லை. நம் ஊர்களில் பல குடும்பங்கள் அதை அறியும். 2002-இல் பொடா வந்தது, 2004-இல் போனது. போகும்போது அதன் பிரிவுகள் பலவற்றை 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் வைத்துவிட்டுப் போனது. தடாவுக்கும் பொடாவுக்கும் இத்தனை ஆண்டு என்ற கெடுவாவது இருந்தது. இதற்கு அதுவுமில்லை.

1978-இல் நாடாளுமன்றம் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தின் 44-ஆம் திருத்தம் அது. நெருக்கடி நிலையிலும் உயிருரிமையை நிறுத்த முடியாது என்றும், அமைச்சரவையின் எழுத்து மூலமான முடிவு இல்லாமல் நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது என்றும் அது வகை செய்தது. அந்த இரண்டும் இன்று நடைமுறையில் உள்ளன. அதே திருத்தத்தின் 3-ஆம் பிரிவு தடுப்புக் காவலைப் பற்றியது. ஆலோசனைக் குழுவின் ஒப்புதலின்றி ஒருவரை மூன்று மாதங்கள் வைத்திருக்கலாம் என்பதை இரண்டு மாதங்களாகக் குறைத்தது. அந்தக் குழுவின் தலைவர் பணியில் உள்ள உயர்நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும், அரசு தன் விருப்பப்படி அமைக்கக் கூடாது என்றது. அரசு அறிவிக்கும் நாளில் இப்பிரிவு நடைமுறைக்கு வரும் என்று எழுதினார்கள்.

மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் 1979-இல் நாள் குறிக்கப்பட்டது. 3-ஆம் பிரிவுக்கு மட்டும் குறிக்கவில்லை. ஜனதா ஆட்சி, காங்கிரஸ் ஆட்சி, பா.ஜ.க. ஆட்சி, கூட்டணி ஆட்சிகள் என்று எத்தனையோ வந்தன. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்ற அந்தப் பிரிவு, ஒரு தேதிக்காக இன்றும் காத்திருக்கிறது.